14 நாள் கோடு, யார் போட்டது? அறவியலாளர் என்ற ஆள் எதற்கு?

#1 வைகைக்கரை

நண்பர்களே, போன வாரம் மரபணுத் திருத்தம் பற்றிய இழையில் செங்கல்சூளை தோழர் ஒரு வரி போட்டுவிட்டுப் போனார்.

//விஞ்ஞானி செய்வார். சட்டம் விடும், இல்லையென்றால் தடுக்கும். நடுவில் இந்த எத்திக்ஸ் ஆட்கள் எதற்கு? பழைய பூசாரி வேலைக்குப் புதுச் சட்டை.//

அங்கேயே பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை. நான் தத்துவத்தில் முதுகலை முடித்துவிட்டு ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவன், எனவே இந்த விஷயத்தில் கொஞ்சம் சொந்த வருத்தமும் இருக்கிறது. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

பொதுவாகப் பேசினால் காற்றில் கத்தி வீசுவதாகிவிடும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

1978 ஜூலை 25, இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தார், உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டி முடித்த பிறகுதான் சங்கடமான கேள்வி எழுந்தது. கண்ணாடித் தட்டில் உருவாகி, கருப்பைக்குப் போகாமல் மிஞ்சுகிற கருக்களை என்ன செய்வது? அவற்றை வைத்து ஆராய்ச்சி செய்யலாமா? பிரிட்டிஷ் அரசு 1982-இல் ஒரு குழுவைப் போட்டது. 16 பேர். மருத்துவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், சமூகப் பணியாளர்கள், ஓர் இறையியலாளர், சுண்டெலிக் கருக்களில் பெயர் பெற்ற ஆன் மக்லாரன். தலைவராக விஞ்ஞானியையும் போடவில்லை, பிஷப்பையும் போடவில்லை. மேரி வார்னக் என்ற தத்துவ ஆசிரியரைப் போட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர், நடுவில் ஒரு பெண்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியராகவும் இருந்தவர். கடவுள் நம்பிக்கை கிடையாது, ஆனால் தேவாலய இசையை விட மனசும் வராது.

எல்லோரும் எதிர்பார்த்த கேள்வி ‘உயிர் எப்போது தொடங்குகிறது?’ என்பது. குழு அதைத் தொடவே இல்லை. பார்த்தால் அது உண்மை பற்றிய கேள்வி மாதிரி தெரியும், உள்ளே பாதி மதிப்பீடு கலந்திருக்கிறது, அதனால் ‘இந்தக் கருவை நாம் எப்படி நடத்துவது சரி?’ என்ற இடத்துக்கே நேராகப் போகிறோம் என்று அறிக்கையில் எழுதினார்கள். என்னைப் பொறுத்தவரை அறவியலாளரின் வேலை அந்தத் திருப்பம்தான். முதல் கேள்வியில் போப்பாண்டவரும் ஆய்வகமும் ஒருநாளும் ஒத்துப்போகப் போவதில்லை. இரண்டாவது கேள்வி என்றால் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டையாவது போடலாம்.

1984-இல் அறிக்கை வந்தது. கருவை ஆய்வகத்தில் 14 நாள் வரை வளர்க்கலாம், அதைத் தாண்டினால் குற்றம். 1990-இல் சட்டமானது. அந்த 14 அப்புறம் பல நாடுகளுக்குப் போனது, நம்முடைய ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நெறிமுறையிலும் இருக்கிறது.

தோழர், இப்போது சொல்லுங்கள். அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்திருப்பீர்கள்?

#2 செங்கல்சூளை

மக்லாரனை உட்கார வைத்திருப்பேன். வேலையைச் செய்தது அவர்தானே?

14 எங்கிருந்து வந்தது? கருவில் ஏறக்குறைய 15-ஆம் நாள் வாக்கில் ஒரு மெல்லிய கோடு தோன்றுகிறது. தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்பது அதில்தான் முடிவாகிறது. அதற்கு முன் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையர் ஆகலாம், அதற்கு அப்புறம் முடியாது. இது சுத்தமான கருவியல். விஞ்ஞானி சொன்ன எண்ணுக்குத் தத்துவவாதி மேலுறை போட்டுக் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்த 16 பேர்கூட ஒத்துப்போகவில்லை. மூன்று பேர் கரு ஆராய்ச்சியே கூடாது என்று எதிர்ப்புக் குறிப்பு எழுதினார்கள். இன்னும் நான்கு பேர் ஆராய்ச்சிக்கென்றே கரு உருவாக்குவது கூடாது என்றார்கள். ஆக இந்த இரண்டாவது விஷயத்தில் 9-க்கு 7. கை தூக்கி எண்ணியதை அறம் என்கிறீர்களா?

இன்னொன்று. 2008-இல் இதே வார்னக் முதுமறதி நோயாளிகள் குடும்பத்துக்கும் அரசு மருத்துவச் சேவைக்கும் பாரம் என்கிற தொனியில் ஒரு பேட்டி கொடுத்துப் பெரிய சர்ச்சையானது. கருவுக்கு மரியாதை, பாட்டிக்கு இல்லை. இவர்தான் நிபுணரா?

#3 தேரிக்காடு

வைகைக்கரை தம்பிக்கும் செங்கல்சூளைக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன், கத்தோலிக்கன். இரண்டும் ஒரே ஆள்தான், ஞாயிற்றுக்கிழமை ஒருவன் திங்கட்கிழமை ஒருவன் என்று கிடையாது.

‘மதம் எதிர்த்தது, அறிவியல் ஆதரித்தது, தத்துவம் நடுவில் நின்றது’ என்று இழை போகிறது. எங்கள் தரப்பு வாதத்தை ஒருமுறை நேராகக் கேளுங்கள். 1987-இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுரை கருவுற்ற கணத்திலிருந்தே மனிதனுக்குரிய மரியாதை வேண்டும் என்றது. அதற்கு வேதவசனம் மட்டும் ஆதாரம் இல்லை. ஒரு புதிய மனிதனின் முழு மரபணுத் தொகுப்பும் அந்தக் கணத்தில்தான் அமைகிறது என்ற உயிரியலையும் சேர்த்தே சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், எங்கள் பழைய ஆட்கள் இப்படிச் சொல்லவில்லை. தாமஸ் அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, மனித ஆன்மா கருவில் பிந்தித்தான் வருகிறது என்று நினைத்தார். இந்த விஷயத்தில் திருச்சபையைக் கடுமையாக்கியதில் நுண்ணோக்கிக்குப் பெரிய பங்கு உண்டு.

இரட்டையர் வாதம் எனக்கு என்றுமே பிடிபடவில்லை. ஒன்று இரண்டாகப் பிரியலாம் என்பதால் பிரிவதற்கு முன் அங்கே ஒன்றுமே இல்லை என்றாகிவிடுமா? மண்புழுவை வெட்டிப் பாடம் நடத்தியவன் நான். வெட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு மண்புழு இருந்தது.

ஆனால் வார்னக் மீது எனக்குக் கோபம் இல்லை. குழுவோடு ஒத்துப்போகாத மூன்று பேரின் எதிர்ப்பை அறிக்கையின் உள்ளேயே அச்சடித்தார்களே, அது நாணயம்.

#4 நூறுகுடம்

காந்தாரி வயிற்றுப் பிண்டத்தை நூறு குடத்தில் வைத்து வளர்த்தார்களே, அதுதான் முதல் ஐ.வி.எஃப்., அதாவது சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு. 14 நாள் கோடு எல்லாம் நம் முன்னோருக்குத் தேவைப்படவில்லை.

#5 செங்கல்சூளை

2019 ஜனவரியில் ஜலந்தர் அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே இதைப் பேசிவிட்டார். நீங்கள் தாமதம்.

#6 மட்டுறுத்துநர்

குடங்களை இதோடு விட்டுவிடலாம். தலைப்புக்குள் பேசவும்.

#7 காயல்கரை

தேரிக்காடு ஐயா சொன்னதோடு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். எங்கள் பக்கம் ஹதீஸ் வழி, 120 நாளில் ரூஹ் (ஆன்மா) ஊதப்படுகிறது என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. 1980-லேயே எகிப்தின் தலைமை முஃப்தி கணவன் மனைவிக்குள் மட்டும் ஐ.வி.எஃப். கூடும், மூன்றாம் ஆளின் விந்தோ முட்டையோ கூடாது என்று ஃபத்வா கொடுத்துவிட்டார். யூத மரபில் 40 நாள் வரை வெறும் நீர் என்று ஒரு பழைய வாக்கு உண்டு. ஆக ‘மதம் என்ன சொல்கிறது’ என்று கேட்டால் 0, 40, 120 என்று மூன்று விடை வருகிறது. பிரிட்டனிலும் இந்த மூன்று சமூகமும் இருக்கிறது. 14 இதில் எதுவுமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அது யார் வீட்டு எண்ணும் இல்லை. அதனாலேயே செல்லுபடியானதோ என்னவோ.

#8 பனிமூட்டம்

இலண்டனில் இருந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து 1984 கடைசியில் இங்கே வந்து சேர்ந்தேன், ஆங்கிலம் பழகத் தினமும் பேப்பர் வாசித்த காலம். அதனால் இந்தச் சண்டை எனக்குப் பாடப்புத்தகம் மாதிரி.

வைகைக்கரை ஒரு தாவு தாவிவிட்டார். 1984 அறிக்கை, 1990 சட்டம், நடுவில் ஆறு வருஷம் எங்கே? 1985 பெப்ரவரியில் ஈனக் பவல் என்ற எம்.பி. ஒரு மசோதா கொண்டுவந்தார், கரு ஆராய்ச்சியை முற்றாகத் தடை செய்ய. இரண்டாம் வாசிப்பில் 238-க்கு 66 என்று வென்றது. ஆம், இந்தப் பவல் அந்தப் பவல்தான், 1968-இல் குடியேறிகளுக்கு எதிராகப் பேசிப் பெயர் எடுத்தவர். எங்களைப் போன்ற ஆட்களை இந்த நாட்டில் காண விரும்பாத மனிதர், கண்ணுக்குத் தெரியாத கருவுக்காக உருகி நின்றார். அந்த வயதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. இப்போது அவ்வளவு சிரிப்பு வரவில்லை. ஒருவர் ஒரு விஷயத்தில் கொடுமையாகவும் இன்னொன்றில் உண்மையாகவும் இருக்கலாம்.

அந்த மசோதா நேரம் இழுத்தடிக்கப்பட்டே செத்தது. அதன் பிறகு விஞ்ஞானிகள் முழித்துக்கொண்டு பிரசாரத்தில் இறங்கினார்கள். ‘முன்கரு’ என்று 14 நாளுக்கு உட்பட்டதற்கு ஒரு புதுப்பெயர் வைத்தார்கள். பெயரை மாற்றினால் பொருள் மாறுமா என்று எதிர்த்தரப்பு கேட்டது, நியாயமான கேள்விதான். 1990 ஏப்ரலில், ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு, பரம்பரை நோய் இல்லாத கருவைச் சோதித்துத் தேர்ந்து கர்ப்பமாக்கிய செய்தி வந்தது. ஓட்டு ஆராய்ச்சிக்கு ஆதரவாக 364, எதிராக 193. ஐந்து வருஷத்தில் அப்படியே தலைகீழ்.

மேலவையில் ஆராய்ச்சிக்கு ஆதரவாகப் பேசியவர்களில் யோர்க் பேராயர் ஜோன் ஹாப்குட்டும் ஒருவர். அங்கி போடுவதற்கு முன் கேம்பிரிட்ஜில் உடலியல் ஆராய்ச்சி செய்தவர். குழுவில் எதிர்ப்புக் குறிப்பு எழுதிய ஜோன் மார்ஷல் நரம்பியல் பேராசிரியர். பேராயர் ஆதரவு, மருத்துவப் பேராசிரியர் எதிர்ப்பு. கட்சி கட்டிப் பேசுகிறவர்களுக்கு இது வசதிப்படாது.

#9 வைகைக்கரை

பனிமூட்டம் அண்ணா, நன்றி. நான் தாவியது உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

செங்கல்சூளைக்கு: எண்ணை மக்லாரன் கொடுத்தார் என்பது சரி. ஆனால் கருவியலில் 14 மட்டுமா இருக்கிறது? ஆறாம் ஏழாம் நாளில் கரு ஒட்டத் தொடங்குவது, மூன்றாவது வாரத்தின் கடைசியில் இதயம் துடிக்கத் தொடங்குவது, அப்புறம் மூளை என்று எத்தனையோ படிகள். ‘இந்த இடத்தில் நில்’ என்று எந்தப் படியிலும் எழுதி ஒட்டவில்லை. ஏதாவது ஓர் இடத்தில் கோடு போடத்தான் வேண்டும், கோடே இல்லாத ஊரில் யாராலும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதுதான் வார்னக்கின் பிடி. கோடு எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் நினைத்தார். ‘வலி உணரும் வரை’ என்று வைத்தால் ஒவ்வொரு ஆய்வகமும் ஒவ்வொரு கதை சொல்லும். 14 வரை எண்ண எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை. 14-ஐ முதலில் சொன்னது வார்னக் குழு கிடையாது. அமெரிக்க அரசின் அறவியல் ஆலோசனைக் குழு 1979-லேயே சொல்லிவிட்டது. என்ன ஆயிற்று? 1980-இல் குழுவின் ஆயுள் முடிந்தது, யாரும் நீட்டிக்கவில்லை. அந்தக் குழு பார்த்து அனுமதித்தால்தான் ஐ.வி.எஃப். ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் என்று விதி இருந்தது. குழுவே இல்லை, அதனால் பணமும் இல்லை, அரசின் கண்ணும் இல்லை. தனியார் மையங்கள் தம் போக்கில் வளர்ந்தன. அறவியலாளர் இல்லாவிட்டால் விஞ்ஞானியும் சட்டமும் பார்த்துக்கொள்ளும் என்றீர்களே, அங்கே இரண்டும் பார்த்துக்கொள்ளவில்லை. சந்தை பார்த்துக்கொண்டது.

முதுமறதிப் பேச்சுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தப்பான பேச்சு. வாடகைத்தாய் விஷயத்திலும் குழு தேவைக்கு மேல் கடுமையாக இருந்துவிட்டது என்று அவரே பின்னால் எழுதினார்.

#10 செங்கல்சூளை

//சந்தை பார்த்துக்கொண்டது//

இது நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் என் பெரிய சந்தேகம் தீரவில்லை. டஸ்கீகியை எடுத்துக்கொள்ளுங்கள். 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் வந்த 399 கறுப்பின ஆண்களை வைத்தியம் கொடுக்காமல் வேடிக்கை பார்த்தது அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை. பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. வெளியே கொண்டுவந்தது யார்? பீட்டர் பக்ஸ்டன் என்ற கீழ்மட்ட ஊழியர், பத்திரிகைக்குச் சொன்னார். 1966-இல் ஒழுங்கற்ற ஆய்வுகள் 22-ஐப் பட்டியல் போட்டு அம்பலப்படுத்திய ஹென்றி பீச்சர் ஒரு மயக்க மருத்துவர். அறவியலாளர்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள், 1979-இல் மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கான அறநெறிகளைச் சொல்லும் பெல்மாண்ட் அறிக்கை எழுத. தீ அணைந்த பிறகு தண்ணீர் லாரி.

இன்னொரு பக்கம், 2018-இல் சீனாவில் ஹே ஜியான்குவி என்ற விஞ்ஞானி மரபணு திருத்திய குழந்தைகளைப் பிறக்கவைத்தார். தன் அறக்கொள்கை என்று ஒரு கட்டுரையே எழுதி வைத்திருந்தார் அந்த மனுஷன்! அறக் குழு அனுமதிச் சான்று போலி என்று விசாரணையில் வந்தது. சான்று வாங்கவேண்டும் என்ற வழக்கம் இருப்பதால்தானே போலிச் சான்று? கோயில் இருந்தால் உண்டியலும் இருக்கும்.

#11 குளிர்பெட்டி

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நான் ஒரு கருத்தரிப்பு மையத்தில் எம்பிரியாலஜிஸ்ட், லேபில் கருக்களைப் பார்த்துக்கொள்கிறவள். எந்த ஊர், எந்த மையம் என்று கேட்காதீர்கள். 11 வருடம் ஆகிறது.

நீங்கள் பேசும் 14-ஆம் நாள் எங்கள் லேபுக்கு வருவதே இல்லை. முதல் நாள் காலை முட்டைக்குள் இரண்டு உட்கரு தெரிகிறதா என்று பார்ப்போம். மூன்றாம் நாள் எட்டு செல். ஐந்தாம் நாள் பிளாஸ்டோசிஸ்ட், கருப்பையில் ஒட்டத் தயாரான நிலை. பிறகு கருப்பைக்குப் போகும், இல்லாவிட்டால் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் உட்காரும். ஏழாம் நாளைத் தாண்டி எங்கள் இன்குபேட்டரில் யாரும் இருப்பதில்லை. (‘யாரும்’ என்று எழுதியிருக்கிறேன். ‘எதுவும்’ என்று திருத்தப் போனேன், பிறகு விட்டுவிட்டேன்.)

எனக்கு 14-ஐ விடப் பெரிய எண் 10. 2021 சட்டப்படி மிஞ்சிய கருக்களைப் பத்து வருடம்தான் வைத்திருக்கலாம். அதன்பின் அழிய விட வேண்டும், அல்லது தம்பதி சம்மதித்தால் பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது.

வருடா வருடம் ஓர் அம்மா உறைபதனக் கட்டணம் கட்ட வருவார். அதே தொகுப்பில் பிறந்த பையன் இப்போது யு.கே.ஜி. இன்னும் மூன்று கரு தொட்டியில் இருக்கிறது. கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் கேட்பார், “மூணு பேரும் நல்லா இருக்காங்களா கண்ணு?” பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர், “அது சும்மா செல்லுங்க, இவ ஒருத்தி” என்பார். இரண்டு பேரும் ஒரே படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள். அந்த அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை வேண்டாம், உடம்பு தாங்காது. அழிக்கவும் மனம் வரவில்லை. ஆராய்ச்சிக்கு என்றால் “என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டு அழுகிறார்.

டாக்டர் அவரை என்னிடம் அனுப்புவார். நான் கவுன்சிலரிடம் அனுப்புவேன். கவுன்சிலர் என்ற பெயரில் எங்களிடம் இருப்பவர் பேக்கேஜ் விலையும் தவணையும் சொல்பவர். பாவம், நல்ல பெண், ஆனால் அவர் வேலை அது.

அந்த அம்மா சட்டம் கேட்கவில்லை. அறிவியலும் கேட்கவில்லை, நான் எவ்வளவோ சொல்லிவிட்டேன். அவர் கோயிலுக்குப் போகிறவர்தான், ஆனால் “சாமிகிட்ட கேட்டா சாமிக்கு இதெல்லாம் தெரியுமா கண்ணு?” என்று அவரே சிரிக்கிறார். அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, பயமுறுத்தாமலும் தலையில் எதையும் கட்டாமலும் யோசிக்க உதவுகிற ஓர் ஆள் எங்கள் கட்டடத்தில் இல்லை. வைகைக்கரை சொல்கிற அறவியலாளர் அந்த ஆள் என்றால், ஐயா, எங்களுக்கு ஒருவர் வேண்டும். லண்டனில் அறிக்கை எழுதுகிறவர் மட்டும்தான் என்றால், இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

#12 தேரிக்காடு

மகளே, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கள் திருச்சபை ஐ.வி.எஃப்-ஐயே ஏற்பதில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மூன்றும் உருவாகியாயிற்று, அந்த அம்மாவும் உங்கள் முன்னால் நிற்கிறார். ‘முதலிலேயே செய்திருக்கக் கூடாது’ என்று இப்போது அவரிடம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை. எங்கள் இறையியலாளர்களுக்குள்ளேயே உறைந்த கருக்களை என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்து இல்லை. அவரை ஒரு பாட்டம் அழ விட்டீர்களே, அதுவே பெரிய காரியம்.

#13 சாக்பீஸ்

எனக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு பெரிய மருத்துவமனையில், நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியில் ‘பொதுமக்கள் பிரதிநிதி’யாகச் சில ஆண்டுகள் இருந்தேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

விதி இப்படி: 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி குறைந்தது ஏழு பேர், பாதிப் பேர் வெளியாட்கள், ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆர். 2017 நெறிமுறை யார் யார் என்று பட்டியல் தருகிறது. அதில் சமூகவியலாளர், தத்துவவாதி, அறவியலாளர், இறையியலாளர் நான்கு பேரையும் சாய்கோடு போட்டு ஒரே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். நான்கில் யார் கிடைத்தாலும் சரி. எங்கள் கமிட்டியில் அந்த நாற்காலியில் இருந்தவர் தியான வகுப்பு நடத்துபவர். நல்ல மனிதர், கூட்டம் தொடங்கும்போது கண்ணை மூடுவார், முடியும்போது திறப்பார்.

முதல் கூட்டத்துக்கு முந்தைய நாள் இருநூறு பக்கக் கட்டு வீட்டுக்கு வந்தது. அதில் எனக்குப் புரிகிற ஒரே பகுதி நோயாளிக்குக் கொடுக்கும் தமிழ் ஒப்புதல் படிவமாகத்தான் இருக்கும் என்று எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது பத்தியில் ‘நீங்கள் இந்த ஆய்வில் தற்செயலாக்கப்படுவீர்கள்’ என்று இருந்தது. பள்ளியில் 32 வருடம் விடைத்தாள் திருத்தியவன், இப்படி ஒரு வினைச்சொல்லைக் கண்டதில்லை.

கூட்டத்தில் கேட்டேன், “யார் யாரைத் தற்செயலாக்குவது?” எல்லோரும் சிரித்தார்கள். ஓர் இளம் மருத்துவர் மட்டும் விளக்கினார். “சார், உங்களுக்குப் புது மருந்தா பழைய மருந்தா என்பதை டாக்டர் முடிவு பண்ண மாட்டார். சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்.” சரி, அதையே எழுதலாமே என்றேன். எழுதினார்கள். ‘உங்கள் நோய்க்கு எது நல்லது என்று பார்த்து மருந்து கொடுக்கப்படுவதில்லை; சீட்டுக் குலுக்குவது போல முடிவாகும்; வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சை தொடரும்’ என்று மூன்று வரி.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆய்வின் பொறுப்பாளர் வந்தார். ஆள் சேரவில்லையாம். காரணம் சொன்னார் பாருங்கள், இன்றுவரை மறக்கவில்லை: “சார், படிவம் ரொம்பப் புரியுது.”

என் காலம் முடிந்தபோது நீட்டிப்புக் கடிதம் வரவில்லை. கண் மூடுகிறவருக்கு வந்தது.

#14 செங்கல்சூளை

சாக்பீஸ் ஐயா, அலுவலகத்தில் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்து மாட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். நீங்கள் செய்தது அறவியல் இல்லை, தமிழ்.

#15 சாக்பீஸ்

இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை, தம்பி.

#16 வைகைக்கரை

நானும் அதைத்தான் சொல்ல வந்தேன், நல்லவேளை ஐயா முந்திக்கொண்டார், நான் சொன்னால் இரண்டு பக்கம் ஆகியிருக்கும்.

செங்கல்சூளையின் தண்ணீர் லாரி வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பக்ஸ்டன் வேலையை எந்தக் கமிட்டியும் செய்யாது, அதற்கு வேறு தைரியம் வேண்டும். அவர் அதிகாரிகளிடம் பல வருடம் எழுதிப் பார்த்தார், ‘இது தப்பில்லை’ என்று திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். இன்று ஒருவர் அப்படிப் புகார் கொடுத்தால் ‘ஒப்புதல் வாங்கினீர்களா?’ என்ற ஒரு கேள்வி போதும். அந்தக் கேள்வியை எடுத்துக் கையில் கொடுத்தது பெல்மாண்ட் ஆட்கள். தீ அணைந்த பிறகு வந்த லாரிதான், ஆனால் தெருவில் குழாய் பதித்துவிட்டுப் போனது.

#17 பனிமூட்டம்

இன்னும் ஒரு சங்கதி. 1984-இல் 14 நாள் என்று போட்டபோது எவராலும் ஒரு கருவை அவ்வளவு நாள் ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. ஒருவரும் ஓடாத வீதியில் வேகத்தடை போட்டது போல. 2016-இல் கேம்பிரிட்ஜிலும் நியூயோர்க்கிலும் 12, 13 நாள் வரை வளர்த்துக் காட்டினார்கள். கோடு இருந்ததால்தான் நிறுத்தினார்கள். உடனே ‘கோட்டைத் தள்ளிப் போடலாமா?’ என்ற பேச்சு. 2021-இல் குருத்தணு (ஸ்டெம் செல்) ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் 14-ஐத் தாண்டுவதைத் ‘தடை’ப் பட்டியலில் இருந்து எடுத்தது, தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்றது. பெரும்பாலும் விஞ்ஞானிகளின் சங்கம் அது.

செங்கல்சூளை ‘மக்லாரனை உட்கார வைப்பேன்’ என்றாரே, இதுதான் அப்படி உட்கார வைத்தால் நடப்பது. தப்பு என்று சொல்லவில்லை. கருச்சிதைவு ஏன் நடக்கிறது என்பதற்கு அந்த மூன்றாவது, நான்காவது வாரத்தில் நிறைய விடை இருக்கிறதாம். ஆனால் 1984-இல் தேரிக்காடு ஐயா போன்ற ஒருவர் அறைக்குள் இருந்தார், தோற்றார், தோற்றதை அச்சில் போட்டார்கள். இந்த முறை அவர் அறைக்குள் இருந்தாரா?

#18 தேரிக்காடு

இருந்திருந்தால் மறுபடியும் தோற்றிருப்பேன். பரவாயில்லை, எதிர்ப்புக் குறிப்பு நன்றாக எழுத வரும்.

#19 செங்கல்சூளை

பனிமூட்டம், இது எனக்கு உறைக்கிறது. யோசிக்க வேண்டும். பூசாரி என்ற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன், கண் மூடுகிறவரை நினைத்துக்கொண்டு.

#20 குளிர்பெட்டி

சாக்பீஸ் ஐயா, ஒரு உதவி. எங்கள் உறைபதனப் படிவத்தின் தமிழும் அந்த மாதிரிதான். ‘உயிரியல் பொருளின் இறுதி அகற்றல்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். அதை அவர் வாய்விட்டுப் படிக்கும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். மாற்ற எங்கள் மேடம் ஒத்துக்கொண்டிருக்கிறார், ஆனால் எழுத ஆள் இல்லை.

#21 சாக்பீஸ்

தனிமடலில் அனுப்பம்மா. பெயர், முத்திரை எல்லாம் அடித்துவிட்டு அனுப்பு. சிவப்பு மை இன்னும் இருக்கிறது. அந்த அம்மா ‘மூணு பேர்’ என்பார், வீட்டுக்காரர் ‘செல்’ என்பார் என்றாயே, இரண்டு பேரும் தங்களுக்குத் தோன்றுகிற மாதிரி படிக்கிற ஒரு சொல் வேண்டும். இப்போதைக்கு ‘கரு’ தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

#22 குளிர்பெட்டி

அனுப்பிவிட்டேன் ஐயா. 11 பக்கம். மன்னிக்கவும்.